நாலு விரல் மடிப்பு

ராஜாக்களுக்குக் கோபம் மலிவாகக் கிடைத்த முன்னொரு காலத்தில், ஒரு ராஜாவின் கால்சராய் தரையைக் கூட்டியது. அளவெடுக்கும்போது விளிம்பு செருப்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். உடுத்தி நடந்தால் காலில் சிக்கும். வெட்டிக் குறைத்தாலோ, மறுபடி அளவுக்கு நிமிர்ந்து நின்றதும் கணுக்கால் தெரியும். தையற்காரர் பெத்தண்ணன் தைத்த ஏழும் பாழ். எட்டாவதும் இழுபட்டது.

"பிரபு, தங்களைச் சபையில் இடறி விழவைக்கச் சதி செய்கிறான்," என்றார் மந்திரி திருமேனிராயர். விதூஷகன் வேலாண்டி தையற்காரரின் சிநேகிதன் என்பது அவருக்குத் தெரியும். வேலாண்டியின் செல்வாக்கு அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. "இந்த எட்டாவதைக் கத்தரியோ ஊசியோ தொடக்கூடாது. நாளைக்குள் நீளம் சரியாக வேண்டும். இல்லையேல் அவன் கட்டைவிரல் போகட்டும். வேலாண்டி பெரிய புத்திசாலியாயிற்றே, காப்பாற்றட்டும்!"

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா, தரையைப் பார்த்தபடி.

வேலாண்டி தையற்காரர் வீட்டுக்கு ஓடினான். பெத்தண்ணன் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்படிண்ணே அளவெடுத்தீங்க?"

"நேராப் பாருங்க மகாராஜான்னு சொல்லித்தான். குனிஞ்சா இடுப்புத்துணி இறங்கி, விளிம்பு தரைக்கு வந்துடுமே. அளக்கும்போது நிமிந்து நிக்கிறாரு. அப்புறம் தலை தொங்கிப்போவுது. சின்ன இளவரசர் காய்ச்சல்ல போனதுலேர்ந்து, ரெண்டு வருஷமா இப்படித்தான்."

"சபையில சொல்ல வேண்டியதுதானே?"

"எந்த வாயால சொல்லுவேன்?"

பெத்தண்ணன் பெட்டியைத் திறந்து ஒரு குட்டிக் கால்சராயை எடுத்தார். இளவரசனின் ஆறாவது பிறந்தநாளுக்குத் தைத்தது. வாங்கிப்போக யாரும் வரவில்லை. ஊரையே சிரிக்கவைக்கும் வேலாண்டி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மறுநாள் சபையில் ராஜாவின் கால்சராய் வழக்கம்போல இழுபட்டது. திருமேனிராயர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"மகாராஜா, எதிர்ச்சுவரைப் பார்த்தருள வேண்டும்," என்றான் வேலாண்டி.

ராஜா தலையை உயர்த்தினார். சுவரில், தலைக்குச் சற்று மேலே ஓர் ஆணியில் தொங்கியது அந்தக் குட்டிக் கால்சராய். அவர் முதுகு நிமிர்ந்தது. விளிம்பு எழும்பிச் செருப்பின் மேல் அளவாக நின்றது.

அதை இறக்கச் சொல்லிக் கையில் வாங்கினார் ராஜா. "அடிப்பக்கம் ஏன் இவ்வளவு தடிமன்?"

"சின்ன இளவரசர் பிறந்தநாளுக்குத் தைச்சது. வளர்ற பிள்ளைங்களுக்கு நாலு விரல் துணியை உள்ள மடிச்சுத் தைக்கிறது வழக்கம், சாமி. வளர வளரப் பிரிச்சு விடலாம்னு..." என்றார் ஓரமாக நின்ற பெத்தண்ணன்.

ராஜா வாய்விட்டு அழுதார். மகன் போன அன்றுகூட அவர் அழவில்லை.

மந்திரி விடுவாரா? "பிரபு, இது ஏமாற்று! கால்சராயின் நீளம் மாறவே இல்லை!"

"உண்மைதான் மந்திரியாரே," என்றான் வேலாண்டி. " தொங்கியது கால்சராய் அல்ல, மகாராஜாவின் தலை. அதில் கத்தரி வைத்திருக்க வேண்டும் என்கிறீரா?"

மந்திரியின் முகம் வெளுத்தது. அழுதுகொண்டிருந்த ராஜா சிரித்துவிட்டார். கண்ணைத் துடைக்காமலே தன் முத்துமாலையைக் கழற்றி வேலாண்டியின் கழுத்தில் போட்டார். பெத்தண்ணனின் விரல் பிழைத்தது.

"இதை மறுபடி மாட்டு," என்று குட்டிக் கால்சராயை நீட்டினார் ராஜா. "வருஷத்துக்கு நாலு விரல் ஆணியை மேலே ஏற்று, வேலாண்டி. வளரும் பிள்ளை."