தொண்டைக்குள் கதவு வந்த கதை

உடம்புக்குள் இருக்கிறதெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது மனுஷருக்கு மட்டும் பேச்சு கிடையாது. உள்ளே சந்தைக்கடை இரைச்சல், வெளியே மூக்கு வழியாக "ம்ம்" என்று ஒரு முனகல், அவ்வளவுதான். அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் இதில் பாதி குழப்பம்தான்.

அந்தக் காலத்தில் மாசாணி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சடையன், ஆடு மேய்க்கிறவன். அவள் உடம்பில் நாலு ஜனம், அதாவது நாலு வகைத் திசு, குடியிருந்தது. போர்த்துகிற ஜனம், இழுக்கிற ஜனம், சேதி சொல்கிற ஜனம், தாங்கிப் பிடிக்கிற ஜனம். நாலும் ஒரே கூரைக்குள் கூடி வாழ்ந்தால் அது ஓர் உறுப்பு. இரைப்பை அப்படித்தான், நுரையீரலும் அப்படித்தான். சில உறுப்புகள் சேர்ந்து ஒரே வேலையைப் பார்த்தால் அது ஒரு மண்டலம். இதுவரைக்கும் சரி.

தாங்கிப் பிடிக்கிற ஜனத்தில் குருத்தெலும்பு என்று ஒன்று பிறந்துவிட்டது. வந்தது வம்பு. "நீ வளைகிறாய், எங்கள் ஆள் இல்லை" என்றது எலும்பு. "நீ சுருங்க மாட்டேன் என்கிறாய், எங்களோடும் சேர்த்தி இல்லை" என்றது சதை. ரத்தம்கூட அதன் வாசல் வரைக்கும் வரும், உள்ளே காலெடுத்து வைக்காது. கசிந்ததைக் குடித்துவிட்டு, தான் யார் என்றே தெரியாமல் நாக்குக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தது குருத்து, பாவம்.

அந்நாளில் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே அடி வரைக்கும் ஒரு சுவர் இருந்தது. சோறு வாய் வழியாக இரைப்பைக்குப் போகும். காற்று மூக்கு வழியாக நுரையீரலுக்குப் போகும். ஒருவர் பாதையில் மற்றவர் குறுக்கே வந்ததே இல்லை.

நாக்குக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. சடையன் மலைக்குப் போகும்போதெல்லாம் மாசாணி அவன் முதுகைப் பார்த்தபடி "ம்ம், ம்ம்" என்று முனகுவாள். அவன் திரும்பவே மாட்டான்.

"இந்தப் பொம்பளை படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை. கொஞ்சம் காற்று என் பக்கம் வந்தால் அவளைப் பேசவைத்துவிடுவேன்" என்றது நாக்கு.

"சுவரைத் தொடாதே!" என்று கத்தியது நுரையீரல்.

நாக்கு யார் பேச்சைக் கேட்டது? எட்டி ஓர் உதை விட்டது. சுவரின் அடிப்பாதி இடிந்து விழுந்தது. "மாமா!" என்றாள் மாசாணி. சடையன் சட்டென்று திரும்பினான். அவன் நாக்கு மட்டும் சும்மா இருக்குமா? அதுவும் அங்கேயே ஓர் உதை விட்டது. இரண்டு பேரும் பேசிச் சிரித்து அழுதார்கள்.

மறுவேளை கம்பஞ்சோறு உள்ளே வந்தது. சுவர் விழுந்த இடத்தில் இரண்டு குழாய் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. எதில் போவது?

"இங்கே எதுக்குய்யா சோறு வருது?" என்று அலறியது நுரையீரல். "காற்றை வைத்துக்கொண்டு நான் என்ன பண்ண?" என்று ஏப்பம் விட்டது இரைப்பை. காற்று சோற்றைத் தள்ளியது, சோறு காற்றை மறித்தது. மாசாணியின் உதடு நீலம் பாய்ந்தது. இன்னும் ஒரு கவளம் தப்பான குழாயில் இறங்கினால் அவள் செத்துப்போவாள்.

"யாராவது அந்த ஓட்டையை மூடுங்களேன்!" என்று கெஞ்சியது நுரையீரல்.

எலும்பு போனது. மூடியது, மறுபடி திறக்கத் தெரியவில்லை. சதை போனது. தொளதொளவென்று தொங்கிப்போய்விட்டது. அப்போது குருத்து மெல்ல எழுந்தது.

"நான் சாய்ந்து மூடுகிறேன். விட்டால் தானே நிமிர்ந்துகொள்வேன். சோறு வந்தால் மூடணும், காற்று வந்தால் திறக்கணும், அப்படித்தானே? இரண்டும் ஒன்றாக வந்தால் நான் என்ன செய்ய?"

கடைசியில் எல்லாரும் நாக்கைப் பிடித்து உலுக்கி, "விழுங்கும்போது பேச மாட்டேன்" என்று சத்தியம் வாங்கினார்கள். குருத்து காற்றுக்குழாயின் வாசலில் போய் நின்றது. சடையன் தொண்டையிலும் அதே ஏற்பாடுதான். அன்று மாசாணி பிழைத்தாள்.

பத்து நாள் மலையில் கிடந்துவிட்டு ஒரு மத்தியானம் சடையன் திரும்பி வந்தான். மாசாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, "நான் இல்லாம நல்லா இருந்தியாடி?" என்று கேட்டான்.

சோறு தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. குருத்து சாய்ந்துவிட்டது. நாக்கோ, எல்லாவற்றையும் மறந்து, "எங்கே மாமா நல்லா..." என்று ஆரம்பித்துவிட்டது. கீழேயிருந்து காற்று முட்ட, குருத்து பாதி திறந்து பாதி மூடித் தத்தளித்தது. அந்தச் சந்தில் நாலு பருக்கை உள்ளே விழுந்தது.

மாசாணிக்குக் கண் பிதுங்கியது. மூச்சே இல்லை. சடையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைக்கு எட்டினது அவள் உச்சந்தலைதான், அதிலே தட்டு தட்டென்று தட்டினான். உள்ளே நுரையீரல் இருந்த மூச்சையெல்லாம் திரட்டி ஒரே இருமலாக இருமியது. பருக்கை வெளியே தெறித்தது. தான் தட்டினதால்தான் பிழைத்தாள் என்று சடையன் நினைத்துக்கொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

"என்னடி ஆச்சு?" என்றான்.

உண்மையைச் சொன்னால் நாக்கின் மானம் போய்விடும். "எங்க ஆத்தா நினைச்சிருக்கும், மாமா" என்று புளுகியது.

"ஆத்தா செத்து மூணு மழை போச்சே!"

நாக்கு சட்டென்று மாற்றிக்கொண்டது. "அப்ப வேற யாரோ நினைக்கிறாங்க."

"பொய்! சத்தியத்தை மீறினது இந்த நாக்குதான்! அவளைக் காப்பாற்றத்தான் நான் நடுவில் கிடந்து தவித்தேன்!" என்று கத்தியது குருத்து. உள்ளே கத்தினால் வெளியே யாருக்குக் கேட்கும்? சடையன், "யாரோ நினைக்கிறாங்களாம்" என்று சொல்லி அவள் தலையைத் தடவிக்கொடுத்தான்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். யாருக்குப் புரையேறினாலும் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்கிறோம். கவளத்துக்குக் கவளம் குனிந்து நம் உயிரைக் காக்கிற அந்தக் குருத்தை மட்டும் இதுவரை ஒருத்தரும் நினைத்ததில்லை.