கொஞ்சம் தள்ளுங்க டீச்சர்

சுகிர்தாவுக்கு வந்த தலைவலியே வேறு. வகுப்பில் எல்லோருக்கும் ஆர்வம் இருந்தது.

சென்னையில் ஓர் அறிவியல் முகாம். விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யலாம். பள்ளிக்கு ஓர் இடம்தான். பிளஸ் டூவிலிருந்து ஒரு பெயரை நாளைச் சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். வேதியியல் எடுக்கும் சுகிர்தாவின் தலையில் அந்தப் பொறுப்பைக் கட்டிவிட்டார்கள்.

அவள் நேராக ரெஜினா டீச்சரிடம் போனாள். இதே பள்ளியில், இதே லேபில் அவளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவர். இப்போது இருவருக்கும் ஒரே ஸ்டாஃப் ரூம். ஆனாலும் அவர் முன்னால் சுகிர்தா உட்கார மாட்டாள்.

"சயின்ஸ், டெக்னாலஜி பக்கம் யாரெல்லாம் போகப்போறீங்கன்னு கேட்டேன் டீச்சர். மொத்த வகுப்பும் கையைத் தூக்குது. ஒருத்தன் ராக்கெட்டுங்கிறான், ஒருத்தி ரோபோங்கிறா. இதுல யாருக்கு நிஜமான ஆர்வம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கடைசி பீரியட் லேபுக்குக் கூட்டிட்டு வா."

அழைத்து வந்தாள். டீச்சர் மேசையில் எல்லாம் தயாராக வைத்திருந்தார். கண்ணாடிக் குடுவையில் ஆக்சாலிக் அமிலம். அதற்கு மேலே பியூரெட் குழாயில் கத்தரிப்பூ நிறத்தில் பெர்மாங்கனேட். பிள்ளைகள் பலமுறை செய்த சோதனைதான். விழுகிற சொட்டின் நிறம் மறைந்துகொண்டே வரும். மறையாமல் நின்றுவிட்டால் சோதனை முடிந்தது. வழக்கமாகக் குடுவையைச் சூடாக்கிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். டீச்சர் இன்று பர்னரையே பற்றவைக்கவில்லை.

ஒரு சொட்டு விழுந்தது. குடுவை முழுக்க இளஞ்சிவப்பானது. அப்படியே நின்றது.

"எண்ட் பாயிண்ட் டீச்சர்!" என்று எல்லோரும் கத்தினார்கள். சிலர் ரீடிங்கே எழுதிவிட்டார்கள். ஒற்றைச் சொட்டுக்கு என்ன ரீடிங்கோ, அவர்களுக்கே வெளிச்சம்.

டீச்சர் குடுவையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து நிறம் மறைந்தது. இன்னொரு சொட்டு விட்டார். அது கொஞ்சம் சீக்கிரம் மறைந்தது. பிறகு போகப்போக, விழுந்த சொட்டு விழுந்த இடத்திலேயே காணாமல் போனது.

பெல் அடித்தது. அவ்வளவுதான், பையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம்.

சுகிர்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒருத்தராவது ஏன்னு கேட்டாங்களா பாருங்க! அந்த இடம் காலியாவே போகட்டும் டீச்சர். நான் யார் பேரையும் அனுப்பப்போறதில்ல."

"சொட்டு விழறப்ப அவங்க எங்க பார்த்தாங்க?"

"என் மூஞ்சியை."

"எதுக்கு?"

"சரியா தப்பான்னு தெரிஞ்சுக்கத்தான். வேற எதுக்கு?"

"நீ எங்க பார்த்தே?"

"அவங்க மூஞ்சியை. யார் கண்ணுல ஆர்வம் தெரியுதுன்னு."

குடுவையைக் கழுவப் போன டீச்சர் நின்றார்.

"சரி, போகப்போக ஏன் சீக்கிரமா மறைஞ்சுது?"

"அது தெரியாதா டீச்சர்? வினை நடக்க நடக்க மாங்கனீஸ் அயனி உண்டாகுது. அதுவே வினையை வேகப்படுத்துது. நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க."

"நான் சொன்னதைக் கேக்கலம்மா. இன்னைக்கு எந்தச் சொட்டுலேர்ந்து வேகம் பிடிச்சுது?"

சுகிர்தா அப்போதுதான் குடுவையைத் திரும்பிப் பார்த்தாள்.

டீச்சர் குடுவையைக் கழுவித் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"நாளைச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குல்ல? நாளைக்கு அவங்க லேபுக்கு வர்றப்ப நீ இதைப் பண்ணிக்கிட்டிரு. யாரையும் கூப்பிடாத. யார் மூஞ்சியையும் பார்க்காத. சொட்டை மட்டும் பாரு. 'கொஞ்சம் தள்ளுங்க டீச்சர், எனக்குத் தெரியல'ன்னு எது வந்து உன்னை இடிக்குதோ, அது பேரை அனுப்பு."