குளம்புத் தடம்

எங்க ஊரு கோல்ஃப் கிளப்பு ஹாலுக்குள்ள நுழைஞ்சா இடது கைப்பக்கம் ஒரு பெரிய தேக்கு போர்டு தொங்கும். அந்தந்த வருஷம் இங்க நடந்த பெரிய ஆட்டத்துல ஜெயிச்ச சாம்பியன் பேரெல்லாம் அதுல தங்க எழுத்துல இருக்கும். தொண்ணூத்தி நாலுக்கு நேரா மட்டும் பேரு கிடையாது. வருஷம் எழுதியிருக்கும், பக்கத்துல வெறும் மரம்.

பாக்குறவன் எல்லாம் என்னைத்தான் பிடிச்சுக்குறான். "என்ன காசி, பெயிண்டு தீந்துபோச்சா?" "அன்னிக்கு கொஞ்சம் ஏத்திக்கிட்டு ஏணியில ஏறினியோ?" எனக்குப் பத்திக்கிட்டு வரும். நாப்பது வருஷமா போர்டு எழுதுறேன்யா. ஒரு புள்ளி தப்பினதில்லை. அந்த வரியை நான் மறக்கலை. அந்த வருஷம் ஜெயிச்ச தியோடர் சாரே ஏணிக்குக் கீழ நின்னு விடச் சொன்னார், விட்டேன். செக்ரட்டரி குதிச்சார், கமிட்டி மூணு தடவை கூடிப் பேசிச்சு. அவர் அசையலை.

ஏன் விடச் சொன்னார்னு கேட்டா சொல்றேன். நடுவுல யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

தியோடர் சார் எங்க கேடி சந்துல பொறந்தவர். போலீஸ்காரன் சொல்ற கேடி இல்லை. ஆடுறவங்களுக்குப் பை தூக்குற ஆளுக்குக் கிளப்புல கேடின்னு பேரு. அவரும் ஒன்பது வயசுல பை தூக்கினவர்தான். தண்ணிக்குழாய்த் துண்டுல உடைஞ்ச ஸ்டிக்கோட தலையைச் சொருகி, ஓடையில பொறுக்கின பந்தை வெச்சு ஆடக் கத்துக்கிட்டார். திங்கக்கிழமை மெம்பருங்க வர மாட்டாங்க, அன்னிக்கு மட்டும் கேடிங்க ஆடலாம். அப்படி ஆடி ஆடியே மலேசியா, ஜப்பான் வரைக்கும் போய், மொத்தம் பதினோரு கோப்பை ஜெயிச்சார். முதல் தடவை வெளியூருக்கு ஆடப் போறப்ப அவர் கால்ல கிடந்தது சர்ச் ஃபாதரோட ஷூ. முன்னால பஞ்சு அடைச்சிருந்தார்.

அவருக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்தவர் இருளப்பன் அண்ணன். ரெண்டே வயசு மூத்தவர். ஆனா தியோடர் சார் அவரை 'வாத்தியாரே'ன்னுதான் கூப்பிடுவார். அண்ணன் தரையில வெறுங்காலோட நடந்தே பந்து எந்தப் பக்கம் உருளும்னு சொல்லிடுவார். தியோடர் சார் பெரிய ஆட்டம் ஆட ஆரம்பிச்சதும் அவர் பையை அண்ணன்தான் தூக்கினார்.

"ஸ்டிக்கை எடுத்துக் குடுக்குறது என் வேலை. அடிக்கிறது உன் வேலை. ரெண்டும் கலக்கக் கூடாது." இது அண்ணன் தினமும் சொல்றது. எங்க சந்துல சின்னப் பிள்ளைங்ககூட இதைச் சொல்லிக் கேலி பண்ணும்.

தொண்ணூத்தி நாலுல தேசிய சாம்பியன்ஷிப்பு எங்க கிளப்புலயே நடந்துச்சு. குறைச்ச அடியில முடிக்கிறவன்தான் ஜெயிப்பான், தியோடர் சார் ஒரே ஒரு அடி குறைச்சு அடிச்சு ஜெயிச்சார். அவருக்கு அதுதான் முதல் கோப்பை. தோளுல வெச்சு சந்து முழுக்கத் தூக்கிட்டுப் போனோம். என் தோளும் அதுல ஒண்ணு, இன்னிக்கும் நினைச்சா கண்ணு கலங்கும்.

மறுநாள் காலையில அண்ணன் பையைக் கொண்டு வந்து தியோடர் சார் வாசல்ல வெச்சார். "முதுகு வலிக்குதுடா. இனிமே வேற ஆளைப் பாத்துக்க."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவர் எந்தப் பையையும் தொடலை. தியோடர் சார் கெஞ்சிப் பாத்தார், ஒண்ணும் நடக்கலை. மீதிப் பத்துக் கோப்பையும் வேற வேற கேடியை வெச்சு ஜெயிச்சதுதான். ஊரு என்னென்னவோ பேசிச்சு. அவங்க ரெண்டு பேரும் கல்யாணத்துல, சாவுல பாத்தா பேசிக்குவாங்க, அதோட சரி.

போன வருஷம் போர்டு மங்கிப் போச்சுன்னு எல்லாப் பேரையும் புதுசா எழுதச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை திறப்பு விழா. தியோடர் சார்தான் திரையை விலக்கப் போறவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் ஏணியில நின்னு தொண்ணூத்தி மூணை முடிச்சுட்டு பிரஷைக் கழுவிக்கிட்டு இருந்தேன். அவர் கம்பை ஊனிக்கிட்டு உள்ள வந்தார். அறுபத்தி நாலு வயசு, வலது முட்டி மடங்காது.

"காசி, அடுத்த வரியை எழுதாதே."

"அடுத்தது உங்க பேருதானே சார்?"

"தெரியும். சாயங்காலம் சொல்றேன். இப்ப இறங்கி என்கூட வா."

"நான் எதுக்கு சார்?"

"தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன். நீ கூட இருந்தா வெக்கத்துக்காவது போய்ச் சேருவேன்."

போற வழியில ஒரு கடுதாசியைக் குடுத்துப் படிக்கச் சொன்னார். முனிகிருஷ்ணாவோட பொண்ணு பெங்களூர்ல இருந்து எழுதியிருந்துச்சு. தொண்ணூத்தி நாலுல ஒரு அடியில தோத்தாரே, அவர்தான் முனிகிருஷ்ணா. அதுக்கப்புறம் அவருக்கு அந்த மாதிரி வாய்ப்பே வரலை. கடைசி வரைக்கும் ஒரு கோப்பைகூட இல்லாம போன மாசம் போய்ச் சேந்துட்டார்.

பொண்ணு எழுதியிருந்தது இது. "அப்பா அந்தக் கடைசிக் குழியைப் பத்திப் பேசாத நாளில்லை. 'கோல்ஃப்ல பக்கத்துலயே நிக்கிற அம்பயர் கிடையாதும்மா, தியோடர் தூரத்துல இருந்து கையைத் தூக்கினார், நான் தலையை ஆட்டினேன், அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்'னு சொல்வார். உங்களுக்கு இதைச் சொல்லணும்னு தோணிச்சு."

"எதுக்கு சார் கையைத் தூக்கினீங்க?"

"நம்ம கிளப்புச் சட்டம் உனக்குத் தெரியும்ல. காட்டெருமை மிதிச்ச தடத்துக்குள்ள பந்து விழுந்தா எடுத்து வெளிய வெச்சு அடிக்கலாம். வேற எந்தப் பள்ளத்துல விழுந்தாலும் கிடந்த இடத்துலயே அடிச்சாகணும்."

"ஆமா."

"வாத்தியார்தான் முன்னால ஓடிப்போய்ப் பந்தைப் பாத்தார். 'எருமைத் தடம்'னார். நான் போனப்ப தடம் இருந்துச்சு. முனிகிருஷ்ணாவுக்குக் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் வந்து பாக்கக்கூட இல்லை, எடுத்துக்கோன்னு தலையை ஆட்டிட்டார்." வழியில கிடந்த கல்லைக் கம்பால தள்ளிவிட்டார். "மறுநாள் வாத்தியார் பையை இறக்கினார். ஏன்னு அன்னிக்கே கேட்டிருக்கணும் காசி. பயம். பதில் எப்படி இருக்குமோன்னு பயந்துக்கிட்டே பத்துக் கோப்பை ஆடிட்டேன்."

அண்ணன் வீடு கடைசிக் குழியான பதினெட்டாவது குழிக்குப் பின்னால, வேலிக்கு அந்தாண்ட. வாசல்ல சாக்கை விரிச்சு மலைப்பூண்டுக்கு வேர் கிள்ளிக்கிட்டு இருந்தார்.

"வாத்தியாரே."

அண்ணன் நிமிந்தார். "முட்டி எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

"பூண்டு ஒரு கட்டு எடுத்துட்டுப் போ. பால்ல வேக வெச்சுக் குடி."

எனக்கு எரிச்சலா வந்துச்சு. ஒரு மனுஷன் முப்பத்தோரு வருஷத்துக்கப்புறம் வாசல்ல வந்து நிக்கிறான், இந்தாளு பூண்டு வைத்தியம் சொல்றார்.

"முனிகிருஷ்ணா போயிட்டார்," தியோடர் சார் சொன்னார்.

அண்ணன் கை நின்னுடுச்சு. "எப்போ?"

"போன மாசம்."

அண்ணன் கையில இருந்த பூண்டைச் சாக்குல வெச்சார்.

"வாத்தியாரே, ஞாயித்துக்கிழமை என் பேரை நானே திறந்து வெக்கணும். அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லு. பதினெட்டாவது குழியில அந்தத் தடம், காட்டெருமை மிதிச்சதுதானா?"

அண்ணன் மடியில கிடந்த பூண்டு வேரைத் தட்டிவிட்டார். எழுந்து உள்ள போனார். பழைய ஸ்டிக் ஒண்ணும் ஒரு பந்தும் எடுத்துக்கிட்டு வந்தார்.

"வா"ன்னார்.

வேலிச் சந்து வழியா மூணு பேரும் புல்லுக்குள்ள போனோம். மூணு மணி இருக்கும், பனி இன்னும் இறங்கலை. காலையில பெஞ்ச மழையில தரை மெத்துனு இருந்துச்சு.

"இங்க ஒரு தைல மரம் நின்னுச்சே," தியோடர் சார் கேட்டார்.

"புயல்ல சாஞ்சுடுச்சு. அதுல ஏறிப் பந்து எடுக்கப் போனியே, நினைவிருக்கா?"

"எறும்புக் கூட்டுல கையை விட்டுட்டேன்."

"டவுசரைக் கழட்டி வீசிட்டு ஓடினே. கலெக்டர் சம்சாரம் ஆடிக்கிட்டு இருந்தாங்க."

தியோடர் சார் சிரிச்சார். அண்ணனும் சிரிச்சார். கம்பை ஊனினவரும், ஸ்டிக்கைத் தோள்ல சாத்தினவருமா முன்னால பின்னால நடந்து போறதைப் பாத்தப்ப, அந்த நாளெல்லாம் அப்படியே திரும்ப வந்துடாதான்னு எனக்கு ஏக்கமா இருந்துச்சு. திங்கக்கிழமை ஆட்டம் முடிஞ்சா எல்லாரும் ஒரே கிளாஸ்ல டீயை மாத்தி மாத்திக் குடிப்போம்.

ஒரு மேட்டை இறங்கினதும் அண்ணன் நின்னார். எதிர்ல ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒட்ட வெட்டின புல்லுத் தரை, கிரீன்னு சொல்வோம், அதுல குழி, குழியில கொடி. நூத்தி இருபது கஜம் இருக்கும்.

"இந்த இடம்தானே?"

"இதேதான்," தியோடர் சார் குரல் இறங்கிப் போச்சு.

அண்ணன் குதிகாலை ஊனி ஈர மண்ணுல ஒரு பள்ளம் பண்ணினார். அதுக்குள்ள பந்தை வெச்சார்.

"பந்து இப்படித்தான் கிடந்துச்சு. சும்மா ஒரு பள்ளம்."

அப்புறம் பந்துக்கு அந்தப் பக்கம் ஒரு மிதி, இந்தப் பக்கம் ஒரு மிதி. குதிகாலைக் கொஞ்சம் திருப்பி எடுத்தார். ரெண்டாப் பிளந்த குளம்பு அப்படியே பதிஞ்ச மாதிரி இருந்துச்சு. ஃபாரஸ்ட்காரனைக் கூப்பிட்டுக் காட்டினாலும் எருமைன்னுதான் சத்தியம் பண்ணுவான்.

"நீ மேட்டுல ஏறி இறங்குறதுக்குள்ள, இப்படி ஆயிடுச்சு."

தியோடர் சார் அந்தத் தடத்தையே பாத்துக்கிட்டு நின்னார்.

"முப்பத்தோரு வருஷம்யா! என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில 'தேசிய சாம்பியன்'னு போட்டேனே! அந்த மனுஷன் நான் சொன்னா சரியா இருக்கும்னு சாகுற வரைக்கும் சொல்லிட்டுப் போயிருக்கார். இப்படிப் பண்ணச் சொல்லி நான் உன்னைக் கேட்டேனா?"

"கேக்கலை."

"பின்ன ஏன் செஞ்சே?"

அண்ணன் மண்டி போட்டு உக்காந்தார். பந்தை எடுத்துட்டு, தடத்தைக் கையாலயே தடவி மூடினார். திரும்பவும் குதிகாலால ஒரே ஒரு பள்ளம். பந்தை உள்ள வெச்சார். ஸ்டிக்கை நீட்டினார்.

"ஏழாம் நம்பர். அடி."

"நான் என்ன கேக்குறேன், நீ என்ன சொல்றே?"

"அடிடா."

"வாத்தியாரே, முட்டி மடங்காது. ஆடி நாலு வருஷம் ஆச்சு. பள்ளத்துல இருந்து அடிச்சா ஓடையிலதான் போய் விழும்."

அண்ணன் நீட்டின கையை மடக்கலை.

தியோடர் சார் என்னைப் பாத்தார். நான் கம்பை வாங்கிக்கிட்டேன். அவர் ஸ்டிக்கை வாங்கினார். ரெண்டு காலையும் அகட்டி, வலிக்கிற முட்டியை ஒரு பக்கமாச் சாச்சு நின்னார். கொடியைப் பாத்தார், பந்தைப் பாத்தார், திரும்பவும் கொடியைப் பாத்தார். மூஞ்சியில இருந்த கோபம் மெதுவா எறங்கிப் போச்சு. சின்ன வயசுல நான் பாத்த முகம் அது.

அடிச்சார்.

சத்தம் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. மண்ணும் புல்லும் தெறிச்சுது. பந்து தாழ எழும்பி, ஓடையைத் தாண்டி, கரையில ஒரு குதி குதிச்சு, கிரீன் மேல உருண்டு போய்க் கொடிக்கு நாலடி தூரத்துல நின்னுச்சு.

கை தட்டப் போனவன், அண்ணன் மூஞ்சியைப் பாத்துட்டு நிறுத்திக்கிட்டேன். கண்ணுல தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அண்ணன் கிட்ட வந்து ஸ்டிக்கை வாங்கினார். தோள்ல கிடந்த துண்டை எடுத்து அதுல ஒட்டின மண்ணைத் துடைச்சார். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால ஒவ்வொரு அடிக்கும் துடைச்ச மாதிரியே, தலையை முதல்ல, அப்புறம் தண்டை.

"இப்பவாவது சொல்லு வாத்தியாரே," தியோடர் சார் மெதுவாக் கேட்டார். "அன்னிக்கு ஏன் அப்படிச் செஞ்சே?"

அண்ணன் துடைக்கிறதை நிறுத்தலை.

"அன்னிக்கும் நீ அடிச்சிருப்பே, தியோடரு. எனக்குத்தான் அது தெரியாமப் போச்சு."