பலகை துடைத்த முப்பிடாதி

தென்காசியில் ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் கோமதிநாயகத்துக்குத் தலைக்கனம் கூரையை முட்டும். "ஆயிரம் இங்கிலீஷ் மரபுத்தொடர் என் நாக்கு நுனியில இருக்கு" என்பார். அவர் வகுப்பறையைக் கூட்டிப் பெருக்கி, கரும்பலகையும் துடைப்பவள் முப்பிடாதி.

புது வகுப்பு தொடங்கிய அன்று, அத்தனை பேர் முன்னால் அவள் கேட்டுவிட்டாள்: "சார், நானும் ஓரமா உக்காந்து படிக்கட்டுமா?"

சார் சிரித்தார். "நான் இப்ப எழுதப்போற தொடர் எது, அதுக்கு அர்த்தம் என்ன, நேத்து நடந்ததுன்னா எப்படி மாறும்? மூணையும் சொல்லிட்டு முன்வரிசையிலயே உக்காரு. தெரியலைன்னா நாளையிலருந்து வேலைக்கு வராத."

அடுத்தவர் மனசில் இருப்பதைச் சொல்வது குறி சொல்பவளுக்கே ஆகாத காரியம். முப்பிடாதி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"'ஸ்பில் தி பீன்ஸ்' சார். ரகசியத்தைப் போட்டு உடைக்கது. நேத்துன்னா ஸ்பில்ட். அதுக்கடுத்து 'பிரேக் தி ஐஸ்'. பழகாதவங்ககிட்ட முதல்ல பேச்சுக் கொடுக்கது. நேத்துன்னா ப்ரோக். மூணாவது..."

சாரின் சாக்பீஸ் அந்தரத்தில் நின்றது. "உனக்கு எப்படிளா தெரிஞ்சுது?"

"மூணு வருசமா பலகையைத் துடைக்கேன் சார். படிச்சுட்டுத்தான் துடைப்பேன். படிக்க வாரவங்கதான் மாறுதாங்க, நீங்க எழுதுத பத்து தொடர் மாறவே இல்ல."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. முப்பிடாதி முன்வரிசையில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பதினொண்ணாவதை எழுதுங்க சார். அதைப் படிக்கத்தான் வந்திருக்கேன்."