பதினாலாம் நம்பர் பெட்டியில் குடியிருந்தவர்கள்

அரைக்காணிப்பட்டியிலும் அறிவாளிகள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் வெளியூரில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் நாலு பேர் இண்டர்நெட்டில் சம்பாதித்த கதை இது.

மாசானம் சைக்கிள் கடை வைத்திருந்தார். நாலு பேருக்கும் அவர்தான் தலைவர், ஏனென்றால் செல்போன் அவருடையது. கொம்பையாவிடம் ஒரு எருமை இருந்தது. கொழுந்துவேல் பத்தாம் வகுப்பு வரை போனவர். பாஸ் ஆனாரா என்று யாரும் கேட்டதில்லை, அதனால் படிக்கிற வேலையெல்லாம் அவர் தலையில் விழுந்தது. அருஞ்சுனைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு வேறு தொழில் கிடையாது.

ஒருநாள் மாசானம் போனைக் கொம்பையாவின் தொழுவத்தில் சாத்தி வைத்துவிட்டு மறந்து போனார். எருமை அசைபோடுவது முழுசாகப் படமாகி, எடுக்கிறபோது எங்கேயோ கை பட்டு, இண்டர்நெட்டில் ஏறிவிட்டது. தூக்கம் வராத ஜனங்கள் தேசம் தேசமாக அதைப் பார்த்துத் தூங்கினார்கள். நடுநடுவே மெத்தை விளம்பரம் வந்தது. விளம்பரத்துக்குப் பங்கு தருவதாக ஒரு கம்பெனி மெயில் அனுப்பியது.

ஊர் எல்லையில் நாலு பேர் படமும் போட்டு பிளெக்ஸ் வைத்தார்கள். எருமை படம் இல்லை. இடம் போதவில்லை என்றார்கள்.

பிளெக்ஸைப் பார்த்துத்தான் பக்கத்து ஊர் பால்வண்ணம் தன் மகளை அருஞ்சுனைக்குக் கொடுக்கச் சம்மதித்தார். அதுவரை பெண் கேட்டுப் போன வீடுகளில் எல்லாம் காபி மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் பால்வண்ணம் ஒரு நிபந்தனை வைத்தார். "கம்பெனிப் பணம் வரட்டும். கண்ணால பாத்துட்டுத் தாம்பூலம் மாத்துவோம்."

பணம் செக்காகத் தபாலில் வரும், முகவரி கொடுங்கள் என்றது மெயில். நாலு பேரும் சைக்கிள் கடையில் கூடினார்கள்.

"என் வீட்டு முகவரியே குடுத்துரலாம்" என்றார் மாசானம்.

"உம்ம வீட்டுக்கு வந்தா அது உம்ம பணம் ஆயிரும்" என்றார் கொம்பையா.

"அப்போ உம்ம வீட்டுக்கு வரட்டும்."

"என் வீட்டுல என் பெண்டாட்டி இருக்காவே."

அந்த யோசனை அதோடு முடிந்தது. கொழுந்துவேல் மெயிலை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் படித்தார். "வீட்டு முகவரிக்குப் பதிலா தபால் பெட்டி நம்பரும் குடுக்கலாமாம்."

டவுன் தபாலாபீசில் ஹெலன்மேரி என்ற அம்மாள் இருந்தார். பணத்தைக் கட்டச் சொல்லி ஒரு சாவியைக் கொடுத்தார். சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கதவுகள். "இதுதான் உங்க பெட்டி. பதினாலாம் நம்பர். தபால் வந்தா நான் பின்பக்கமா உள்ள வைப்பேன். நீங்க முன்பக்கமாத் திறந்து எடுத்துக்கிடுங்க."

நாலு பேருக்கும் முகம் வாடிவிட்டது. கொழுந்துவேல் மெயிலில் இருந்த வரியை மறுபடி வாசித்துக் காட்டினார். "நீங்கள் கொடுக்கும் முகவரியில் நீங்கள் இருக்க வேண்டும்."

அருஞ்சுனை முயற்சி செய்தான். கல்யாணம் ஆக வேண்டியவன் அவன்தானே. பெட்டிக்குள் தலையைச் சாய்த்து, மூச்சை அடக்கி, மூக்கு வரைக்கும் போனான். அதற்கு மேல் காது விடவில்லை. எண்ணெய் தடவிக்கொண்டு வரலாமா என்று மாசானம் யோசித்தார்.

"ஆளுதான் இருக்கணும்னு இல்ல" என்றார் கொம்பையா. "செத்துப்போன எங்க மாமா போட்டோவா வீட்டுல இருக்காரு. அவரு அங்க இல்லன்னு யாராவது சொல்ல முடியுமா?"

மறுநாள் நாலு போட்டோக்களைக் கண்ணாடிச் சட்டத்தோடு கொண்டு வந்து பெட்டிக்குள் அடைத்துப் பூட்டினார்கள். கொம்பையாவிடம் கல்யாணப் போட்டோதான் இருந்தது. பெண்டாட்டி பக்கத்தில் காகிதம் ஒட்டிக் கொண்டு வந்திருந்தார். முகவரி அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று.

சில நாள் கழித்துப் போனபோது ஹெலன்மேரி கையில் ஒரு கவரோடு காத்திருந்தார். "பெட்டி நிறைய உங்க மூஞ்சிதான் இருக்கு. இதை நான் எங்க வைக்க?"

"நாங்க காலி பண்ண முடியாதும்மா" என்றார் மாசானம். "பணம் வர வேண்டியிருக்கு."

கடைசியில் பாஸ்போர்ட் சைஸுக்குக் குடிமாறினார்கள்.

கவரைக் கொழுந்துவேல் பிரித்தார். முகவரி சரிதானா என்று பார்க்கக் கம்பெனி ஒரு ரகசிய எண் அனுப்பியிருந்தது. அதைக் கம்பெனியின் பக்கத்தில் பதிந்தால் செக் வரும். கீழே தடித்த எழுத்தில் இருந்தது: இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.

கொழுந்துவேல் எண்ணைப் படித்தார், மனப்பாடம் செய்தார், காகிதத்தை வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"என்ன நம்பரு?" என்றார் மாசானம்.

"சொல்ல மாட்டேன்."

"சரி, கம்பெனிக்காவது போடும்."

"யாருகிட்டயும்னு போட்டிருக்கு. கம்பெனி யாரும் இல்லையா?"

நாள் போய்க்கொண்டே இருந்தது. பால்வண்ணம் ஆள் விட்டுக் கேட்டார். அருஞ்சுனைக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகாமலே கிழவனாகிப் பிளெக்ஸில் நிற்பதுபோல அவனுக்குக் கனவு வந்தது. காலையில் எழுந்து நேரே கொழுந்துவேல் வீட்டுக்குப் போனான்.

"அண்ணே, உங்களுக்கு என் பேரு தெரியுமா?"

"அருஞ்சுனை."

"தெரிஞ்ச உங்களுக்கு நான் என் பேரைச் சொன்னா, சொன்னதா ஆகுமா? உங்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே."

"ஆகாது."

"அந்த நம்பரு கம்பெனிக்கு ஏற்கெனவே தெரியுமா?"

அன்று சாயங்காலம் எண் பதியப்பட்டது. போன் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று திரையைத் துண்டால் மூடிக்கொண்டு பதிந்ததால் மூன்று தடவை தப்பாகி, நாலாவது தடவை சரியானது.

செக் புறப்பட்டுவிட்டது என்று மெயில் வந்தது. ஹெலன்மேரியும், "சாவியைப் பத்திரமா வச்சுக்கிடுங்க, தொலைச்சா புதுப் பூட்டுக்குப் பணம் கட்டணும்" என்று சொல்லியிருந்தார். சாவியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. கடையில் வைத்தால் திருடன் வருவான். இடுப்பில் கட்டினால் குளிக்கும்போது நழுவும்.

"நமக்குன்னு பூட்டுப் போட்ட இடம் ஒண்ணுதான் இருக்கு" என்றார் கொழுந்துவேல்.

சாவியைக் கவரில் போட்டு, பதினாலாம் நம்பர் பெட்டிக்கே முகவரி எழுதி, தபாலில் சேர்த்தார்கள். அன்று ராத்திரி நாலு பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். எருமைப் படம்கூடத் தேவைப்படவில்லை.

பால்வண்ணத்தை அழைத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போனபோதுதான், சாவியை எடுக்கச் சாவி வேண்டும் என்பது தெரிந்தது. அருஞ்சுனை மாமனாராக வரப்போகிறவரின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். ஹெலன்மேரி உள்ளே போய்ப் பின்பக்கமாகக் கையை விட்டு, சாவிக் கவரையும் கம்பெனிக் கவரையும் எடுத்து வந்து கவுண்டரில் வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் வைத்துப் பிரித்தார்கள். செக் இருந்தது. பால்வண்ணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். செக்கின் மூலையில் குறுக்கே இரண்டு கோடு.

"அடிச்சிருக்கானே" என்றார் பால்வண்ணம்.

கொழுந்துவேல் வாங்கிப் பார்த்தார். பரீட்சைத் தாளில் அந்த மாதிரிக் கோடுகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். "ஆமா. அடிச்சிருக்கான். ரெண்டு தடவை."

அருஞ்சுனை தரையில் உட்கார்ந்துவிட்டான். மாசானம் கவரைத் திருப்பினார். அனுப்பியவர் முகவரி இருந்த இடத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். கம்பெனிப் பேருக்குக் கீழே தெரு இல்லை, வீட்டு எண் இல்லை. ஒரு தபால் பெட்டி நம்பர்தான் இருந்தது.

"அவனும் பெட்டிக்குள்ளதான் இருக்கான்" என்றார் மெதுவாக.

"நமக்காவது வெளியில ஒரு வீடு இருக்கு. நாம போட்டோவைத்தான் வச்சோம்" என்றார் கொம்பையா. "வீடு இல்லாத மனுஷன். கையில இருந்ததைச் செக்குல எழுதிட்டான். அப்புறம் தன் கஷ்டம் ஞாபகம் வந்து அடிச்சிருக்கான். வேண்டாம்னு வாய் விட்டுச் சொல்ல வெக்கப்பட்டு அனுப்பிட்டான்."

அருஞ்சுனை எழுந்தான். "இந்தப் பணம் எனக்கு வேண்டாம். திருப்பி அனுப்பிருங்க" என்றான்.

பால்வண்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாப்பிள்ளை" என்றார். அந்தச் சொல்லை அவர் அதற்கு முன்னால் சொன்னதில்லை. "இல்லாதவன் காசைத் தொடாதவன் என் பொண்ணைக் கண்கலங்க விடமாட்டான். தாம்பூலத்துக்கு நாள் பாருங்க."

செக்கை அதே கவரில் போட்டு, அரைப்படி எள்ளுருண்டையும் கட்டிச் சேர்த்துக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார்கள்.

கல்யாணப் பத்திரிகை கம்பெனிக்காரருக்கும் போனது. பந்தியில் அவருக்கென்று முதல் இடம் ஒதுக்கினார்கள். பெட்டிக்குள் அடங்குகிற ஆள் எவ்வளவு இருப்பார் என்று கணக்குப் போட்டு, உள்ளங்கை அகலத்துக்கு வாழையிலை நறுக்கி வைத்தார்கள். டெய்லரைத் தபாலாபீசுக்கே கூட்டிப்போய், பதினாலாம் நம்பர் பெட்டியை அளந்து, ஒரு பட்டுச் சட்டையும் தைத்து வைத்தார்கள்.

தாலி கட்டி முடிந்தது. பந்தி நிரம்பியது. சின்ன இலை மட்டும் காலியாக இருந்தது. அப்போது ஹெலன்மேரி வந்தார். நல்ல பசி, இடமும் வேறு இல்லை. அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

தடுக்கப் போன மாசானத்தைக் கொழுந்துவேல் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தப் பெட்டிக்குப் பின்பக்கம் யாரு இருந்தது?"

"இந்தம்மா."

"செக்கை உள்ள இருந்து எடுத்து நீட்டுன கை யாரு கை?"

"இந்தம்மா கை."

"அப்போ கம்பெனி யாரு?"

மாசானம் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மூன்று பேரும் மாலையோடு நின்ற அருஞ்சுனையையும் அழைத்துக்கொண்டு இலைக்கு முன்னால் போய்க் கைகட்டி நின்றார்கள்.

"இத்தனை நாளும் பக்கத்துலயே இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா" என்றார் மாசானம். "எருமை சௌக்கியமா இருக்கு. நல்லா அசைபோடுது. அடுத்த மாசம் மட்டும் கோடு போடாமக் குடுங்க."

ஹெலன்மேரி சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் கைக்குட்டை அளவில் ஒரு பட்டுச் சட்டை.

"இது யாருக்கு அண்ணாச்சி?"

"உங்களுக்குத்தாம்மா" என்றார் மாசானம், பணிவாக. "வீட்டுக்குப் போனதும் பெட்டிக்குள்ள போட்டுக்கிடுங்க."