நிற்காத பல்லக்கு

முன்னொரு காலத்தில், மதியச் சோறு ஆறிப்போனால் அரண்மனையே கிடுகிடுக்கக் கத்துகிற ஓர் அரசன் இருந்தான். ஒருநாள் அவன் ஆற்றில் குளித்துவிட்டுத் திரும்பும்போது சந்தை வண்டிகள் பல்லக்கை மறித்துவிட்டன. வந்து பார்த்தால் நெய்ச்சோறு கல்லாகக் கிடந்தது. வந்ததே கோபம்!

"நாளை முதல் ராஜபாட்டையின் நடுவே கயிறு கட்டுங்கள். வலப்பாதி என் பல்லக்குக்கு மட்டும். மற்றவர்கள் இடப்பாதியில் போகட்டும்!" என்றான்.

மந்திரி விருபாட்சருக்கு அரண்மனை விகடகவி கூத்தாண்டியைக் கண்டாலே வயிற்றெரிச்சல். "மகாபிரபு, காவல் பொறுப்பைக் கூத்தாண்டிக்கே கொடுக்கலாம். ஒரு சக்கரமும் கயிற்றைத் தாண்டக் கூடாது. தங்கள் பல்லக்கு வழியில் ஒரு நொடியும் நிற்கக் கூடாது. ஒன்று தவறினாலும் அவன் நாட்டைவிட்டே போகவேண்டும்" என்றார். அரசனும் தலையாட்டிவிட்டான். அரண்மனை வாசல் இடப்பக்கம் இருப்பதை மந்திரி மறந்துவிடவில்லை, கில்லாடி!

மறுநாள் பல்லக்கு காலியான வலப்பாதியில் பறந்தது. அரசனுக்குப் பரமானந்தம். வாசலுக்கு நேரே வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. சந்தைக்குப் போகிற வண்டிகளும் திரும்பி வருகிற வண்டிகளும் பாதித் தெருவுக்குள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு வாசலை அடைத்து நின்றன. மந்திரி மீசையைத் தடவியபடி வாசற்படியில் காத்திருந்தார்.

"திருப்புங்கப்பா!" என்று கத்தினான் பல்லக்கோடு கூடவே ஓடிவந்த கூத்தாண்டி. பல்லக்கு வந்த வழியே ஓடியது. ஆற்றங்கரையில் மறுபடி திரும்பியது.

மோர்ப்பானையோடு வண்டியில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மா கும்பிட்டாள். பல்லக்கு திரும்பி வந்தபோதும் அதே இடத்திலிருந்து கும்பிட்டாள். அடுத்த முறை கேட்டேவிட்டாள்: "ஏன் மகாராசா, வீட்டுல ஏதாச்சும் சண்டையா?"

அரசனுக்குக் காது சிவந்தது, வயிறு கடமுடா என்றது. "கூத்தாண்டி, பசி உயிர் போகிறது. நிறுத்து!"

"நிறுத்தினால் நான் நாட்டைவிட்டுப் போகவேண்டும், பிரபு."

"அப்படியானால் அந்த வண்டிகளை ஒதுக்கு!"

"ஒதுக்கலாம். ஆனால் தெருவில் காலியிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதில்தான் தாங்கள் உலாத்திக்கொண்டிருக்கிறீர்கள்."

பல்லக்குத் தூக்கிகள் சிரிப்பை அடக்கியதில் பல்லக்கே குலுங்கியது. அரசனுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அவிழ்த்துத் தொலையடா கயிற்றை!"

கூத்தாண்டி ஓடிப்போய்க் கயிற்றைச் சுருட்டினான். வண்டிகள் தெரு முழுக்கப் பரவி விலகின. வாசல் தெரிந்தது. பல்லக்கு நிற்காமலே உள்ளே நுழைந்தது.

"பிரபு, சக்கரங்கள் தாண்டிவிட்டனவே!" என்று பதறினார் மந்திரி.

"எதைத் தாண்டின? கயிறு என் கையில் அல்லவா இருக்கிறது!" என்றான் கூத்தாண்டி.

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டான். பக்கத்திலேயே இலை போட்டு உட்காரவைத்தான். பரிமாறியவர் விருபாட்சர்.

நெய்ச்சோறு அன்றும் ஆறித்தான் போயிருந்தது. சிரித்த சிரிப்பில் அரசன் அதைக் கவனிக்கவே இல்லை.