திறந்து பார்க்கும் உரிமை

“முட்டைக்குள்ளேயே செத்துப் போகுது. எதனால?” என்று கேட்டார் மாசிலாமணி.

மயிலாத்தாள் கோழிக் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எத்தனை தடவை?”

“மூணு. ஒவ்வொரு தடவையும் இருபத்தொரு நாள் காத்திருந்தோம். மொத்தமா நாலு குஞ்சு வந்தது. நாலும் நொண்டி.”

அவர் மயிலாத்தாளைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, தோழர் என்றும் கூப்பிடவில்லை. தேநீர்க் கடைக்காரர், பேருந்து நடத்துநர், தன்னைக் கைது செய்ய வந்த காவலர் என்று எல்லோருமே மாசிலாமணிக்குத் தோழர்கள். மயிலாத்தாள் மட்டும் இருபத்தாறு ஆண்டுகளாகத் தோழர் இல்லை.

நூற்பாலை வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள், தோளில் துணி மூட்டையோடு, காவலாளி திறந்துவிட்ட சின்னக் கதவு வழியாக மயிலாத்தாள் ஆலைக்குள் போனார். அன்று மாலையே அவர் வீட்டுச் சுவரில் ‘கருங்காலி’ என்று எழுதியவர் வேலைநிறுத்தத்தை நடத்திய மாசிலாமணி. தாரால் எழுதினார். தார் மழைக்கு அழியாது.

அதே சுவருக்கு முன்னால்தான் இப்போது நின்றார். பலமுறை சுண்ணாம்பு அடித்த பிறகும் எழுத்தின் வால்கள் தெரிந்தன.

வேறு வழியில்லாமல் வந்திருந்தார். கோழி வளர்க்கப் பயிற்சி கொடுத்த அரசு அதிகாரி படம் எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை. யார் வைத்தால் முட்டை பொரிக்கிறது என்று எந்த ஊரில் கேட்டாலும் மயிலாத்தாள் பெயரைத்தான் சொன்னார்கள்.

போன ஆண்டு ஆலையை ஒரேயடியாக மூடினார்கள். வெளியே வந்தவர்களில் எட்டுப் பெண்கள் சேர்ந்து சங்கம் வைத்தார்கள். காதில் கிடந்ததை விற்று முட்டை பொரிக்க ஓர் இன்குபேட்டர் பெட்டி வாங்கினார்கள். மாசிலாமணி ஆலோசகர். அவர் பேச்சைக் கேட்க உலகத்தில் மிச்சமிருந்தவர்கள் அந்த எட்டுப் பேர்தான். இன்னொரு முறை பொரிக்காவிட்டால் பெட்டியை விற்றுவிட்டு வெளியூர் ஆலைகளுக்கு ஆள் பிடிக்கும் ஒப்பந்தக்காரனின் வேனில் ஏறுவது என்று முடிவாகியிருந்தது. அந்த வேனில் ஏறினால் பன்னிரண்டு மணி நேர வேலை. சங்கம் என்ற சொல்லை வாயால் சொல்லக் கூடாது.

“பெட்டியை யார் திறப்பாங்க?” என்று கேட்டார் மயிலாத்தாள்.

“யார் வேணும்னாலும்.”

அதைச் சொல்லும்போது மாசிலாமணியின் முதுகு நிமிர்ந்தது. சங்கத்தின் மூன்றாம் தீர்மானம் அது: பொதுச் சொத்து எதுவும் மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கக் கூடாது; எந்த உறுப்பினரும் எந்த நேரமும் திறந்து பார்க்கலாம். எழுதியவர் அவரே. மூடிய கதவுக்குப் பின்னால் என்னென்ன நடக்கும் என்பதை நாற்பது ஆண்டு பார்த்தவர்.

மயிலாத்தாள் துடைப்பத்தைச் சாத்தி வைத்தார். மாசிலாமணி பொரிக்காத முட்டைகளோடு கொண்டுவந்திருந்த கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து உடைத்தார். உள்ளே முழுக் குஞ்சு. அலகு இருந்தது, நகம் இருந்தது. ஓட்டின் உள்தோல் காய்ந்து, பசை தடவிய காகிதம்போல் குஞ்சின் மேல் ஒட்டிக் கிடந்தது.

அதை மாசிலாமணியின் உள்ளங்கையில் வைத்தார்.

“பெட்டியை இங்க கொண்டாங்க. தினமும் நீங்களே வரணும்.”

சங்கத் தலைவி லூர்துமேரியிடம் இதைச் சொன்னதும் அவர் கேட்டார். “அந்தம்மா வீட்டுக்கா போனீங்க? தார் டப்பாவையும் எடுத்துட்டா போனீங்க?” எட்டுப் பேரும் சிரித்தார்கள். பிறகு கைதூக்கி, கடைசியாக ஒரு முறை என்று ஒப்புக்கொண்டார்கள்.

மாசிலாமணி ஐம்பது முட்டைகளைக் கழுவித் துடைத்துப் பளபளப்பாகக் கொண்டுவந்தார்.

“அடைக்கோழி முட்டையைக் கழுவித்தான் உக்காருதா?” என்றார் மயிலாத்தாள்.

மறுநாள் கழுவாத முட்டைகளைக் கொண்டுவந்தார்.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போடச் சொன்னார் மயிலாத்தாள். காலை ஆறு மணி தொடங்கி மாலை ஆறு மணிக்குள் ஐந்து முறை திருப்ப வேண்டும்.

“ஏன் அஞ்சு? நாலு போதாதா?”

“அஞ்சு.”

“ஆறு தடவை திருப்பினா?”

“அஞ்சு.”

காரணம் சொல்லாத கட்டளை அவருக்குப் பிடிக்காது. காரணம் சொல்லாத கட்டளைகளை எதிர்த்தே முடி நரைத்தவர். ஆனாலும் திருப்பினார். ஐந்தாம் நாள் பேருந்துக்காக நின்றபோது விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். நான்கு முறை திருப்பினால் ஒவ்வொரு இரவும் ஒரே பக்கம்தான் மேலே கிடக்கும். ஐந்து முறை திருப்பினால் ஓர் இரவு வட்டம், மறு இரவு பெருக்கல்.

மறுநாள் காலையில் வாசலிலிருந்தே அதைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“சரி. மணி ஆறாச்சு, திருப்புங்க” என்றார் மயிலாத்தாள்.

ஏழாம் நாள் மயிலாத்தாள் டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளைக் காட்டினார். உள்ளே சிவப்பு நரம்புகள், நடுவில் துடிக்கும் ஒரு புள்ளி. மாசிலாமணி ஒரே முட்டையைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். கரு பிடிக்காத ஏழு கூமுட்டைகளை எடுத்துவிட்டார்கள். நாற்பத்துமூன்று மிஞ்சின.

அன்று அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கேட்காமலே வேலைநிறுத்தத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினார். ஆலைக்குள் விடுதியில் முப்பத்தெட்டு வெளியூர்ப் பெண்கள் இருந்தார்கள். அவர்களை வைத்தே முதலாளி ஆலையை ஓட்டினான். இருபத்திரண்டாம் நாள் வாயிற்கூட்டத்தில் மாசிலாமணி இரண்டு மணி நேரம் பேசினார். பேச்சு முடியும்போது ஆலையின் பெரிய கதவு திறந்தது. முப்பத்தெட்டுப் பேரும் வெளியே வந்தார்கள். அத்தோடு ஆலை நின்றது, முதலாளி பேச்சுவார்த்தைக்கு இறங்கினான். ‘முழக்கம் திறந்த கதவு’ என்று அதைப் பற்றி எட்டுப் பக்கத் துண்டறிக்கை எழுதினார். ஒரு பிரதி இன்னும் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினார்.

“எட்டுப் பக்கமும் முழக்கம்தானா?” என்று கேட்டார் மயிலாத்தாள்.

மாசிலாமணி அதைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பதினெட்டாம் நாள் மயிலாத்தாள் தண்ணீர்த் தட்டை நிரப்பினார். பெட்டியை மூடினார். கண்ணாடியின் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டார்.

“இனிமே திருப்ப வேண்டாம். திறக்க வேண்டாம்.”

“அப்ப நான் என்ன செய்யட்டும்?”

“ஒண்ணும் செய்யாதீங்க.”

நாற்பது ஆண்டுகளில் அவருக்கு யாரும் கொடுக்காத வேலை அது. நிறுத்து என்று போலீஸ் சொன்னதுண்டு. அதற்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் நாள் பொறுக்காமல் துண்டை மட்டும் விலக்கிப் பார்த்தார். கண்ணாடி முழுக்க ஆவி. உள்ளே எதுவும் தெரியவில்லை. ஒரு துளி நீர் வழிந்து இறங்கியது. உள்ளங்கையில் கிடந்த அந்தக் காய்ந்த தோல் அவர் நினைவுக்கு வந்தது. மூன்று முறையும் பத்தொன்பதாம் நாளிலிருந்து எட்டுப் பேரும் மாறி மாறித் திறந்து பார்த்திருந்தார்கள்; ஒவ்வொரு தடவையும் இந்த ஈரம் வெளியே போயிருக்கும். முதலில் திறந்தவர் அவர்தான்.

துண்டைப் பழையபடி தொங்கவிட்டார்.

இருபதாம் நாள் மதியம் பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். மண்டியிட்டுக் காதை வைத்தார். இன்னொரு சத்தம். பிறகு நகத்தால் சுரண்டுவதுபோல ஏதோ.

அந்த நேரத்தில்தான் எட்டுப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். சத்தம் அவர்களுக்கும் கேட்டது. லூர்துமேரி கைப்பிடியைப் பிடிக்கப் போனார். மாசிலாமணி குறுக்கே நின்றார்.

“நாளைக்கு” என்றார்.

“தோழர், மூணாவது தீர்மானம் என்ன?”

அவர் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்.

“எழுதினது யாரு?”

“நான்தான்.”

“அப்பத் தள்ளுங்க.”

அவர் நகரவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே எல்லாம் செத்துவிட்டதா, அதை மறைக்கிறாரா என்று ஒருத்தி கேட்டாள். இந்த வீட்டம்மாவோடு சேர்ந்து நமக்குத் தெரியாமல் ஏதாவது பேசி முடித்துவிட்டாரா என்று இன்னொருத்தி கேட்டாள். அவர் காரணம் சொல்லிப் பார்த்தார். மூன்று முறை தோற்றவரின் காரணம் எடுபடவில்லை.

“இவரும் கருங்காலி ஆயிட்டாரு” என்று பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாகச் சொன்னது.

மாசிலாமணி பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மயிலாத்தாள் அப்போது தலைநிமிர்ந்து அவரைப் பார்த்தார். இருபது நாளில் இப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் முறை. பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் போட்டார்.

“உக்காருங்க. கால் வலிக்கும்.”

நாளை மதியம்வரை பார்ப்போம், அதற்குப் பிறகு வேன்தான் என்று சொல்லிவிட்டு லூர்துமேரி எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் மயிலாத்தாள் தலையசைத்தார். மாசிலாமணி பெட்டியைத் திறந்தார்.

முப்பத்தாறு குஞ்சுகள். சில உலர்ந்து பஞ்சுபோல் இருந்தன, சில இன்னும் ஈரமாகத் தள்ளாடின. எட்டுப் பெண்களும் பெட்டியைச் சூழ்ந்து குனிந்தார்கள். லூர்துமேரி ஒரு குஞ்சை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மூன்றாம் தீர்மானத்தைத் திருத்த வேண்டும் என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். வேனைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவர்கள் குஞ்சுகளைக் கூடைக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது மாசிலாமணி முற்றத்துக்கு வந்தார். மயிலாத்தாள் உடைந்த ஓடுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு எதுக்கு உள்ளே போனீங்க?”

“விடுதியில முப்பத்தெட்டுப் பேர் இருந்தாங்களே. பக்கத்துல உக்காந்து பேச ஒரு ஆள் வேணும்ல.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா?”

அவர் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“அன்னைக்குச் சாயங்காலமே மைக்குல சொல்லியிருப்பேன்.”

“முதலாளிக்கும் கேட்டிருக்கும். விடிஞ்சா அந்தப் பிள்ளைங்களை வேற ஊருக்கு ஏத்தியிருப்பான்.”

ஓடுகளை முறத்தில் வாரினார். வாரி முடித்துவிட்டுக் கேட்டார்.

“ஆலையோட பெரிய கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது?”

மாசிலாமணி சுவரைப் பார்த்தார். சுண்ணாம்புக்கு அடியில் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

“உள்பக்கம், தோழர்.”